திமிங்கிலப் பல்லில் செதுக்கிய கப்பல்: அசலா, வார்ப்பா?

கேள்வி: மாசசூசெட்ஸில் வேலை பார்க்கிறேன். கேப் காட் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் ஏறக்குறைய ஒரு சாண் நீளமுள்ள திமிங்கிலப் பல் ஒன்றைப் பார்த்தேன். மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலின் படம், கப்பலின் பெயர், கேப்டனின் பெயர், 1837 என்ற ஆண்டு, திமிங்கிலத்தைப் பிடித்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்து மாலுமி செதுக்கியது என்கிறார் கடைக்காரர். விலை 600 டாலர். உண்மையாக இருக்குமா? வாங்கி ஊரில் இருக்கும் அப்பாவுக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். முதல் கேள்விக்குப் பல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. அதைக் கிளப்பியவை நீங்கள் நம்பிக்கை தரும் சான்றுகள் என்று நினைத்து எழுதிய அதே விவரங்கள்தாம்: கப்பல் பெயர், கேப்டன் பெயர், ஆண்டு, அட்சரேகை. அசல் பற்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல் மருத்துவனாக இருந்தவன். மகள் வீட்டுக்கு முதன்முறை வந்திருந்தபோது அவள் என்னை நியூ பெட்ஃபோர்டில் உள்ள திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். திமிங்கிலப் பல்லிலும் எலும்பிலும் மாலுமிகள் செதுக்கிய கலைக்கு ஸ்க்ரிம்ஷா என்று பெயர். அந்தச் சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டேன். உலகின் மிகப் பெரிய ஸ்க்ரிம்ஷா தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. மற்றவர்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பல்லின் வேர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பிடித்த ஆர்வம் இன்றுவரை விடவில்லை.

இந்தக் கலை எந்தச் சூழலில் பிறந்தது என்று தெரிந்தால்தான் அசலையும் போலியையும் பிரிக்க முடியும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து எண்ணெய்த் திமிங்கில (ஸ்பெர்ம் வேல்) வேட்டைக்குக் கப்பல்கள் புறப்பட்டன. 1846இல் உலகில் இருந்த சுமார் 900 வேட்டைக் கப்பல்களில் 735 அமெரிக்கர்களுடையவை. விளக்கெரிக்க எண்ணெய், மெழுகுவர்த்திக்குத் திமிங்கிலத் தலைக்குள் இருக்கும் மெழுகு, இரண்டுக்கும் அப்படி ஒரு தேவை. கப்பல் ஏறியவன் வீடு திரும்ப மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். திமிங்கிலம் கண்ணில் பட்டதும் மூன்று நான்கு படகுகளை ஒரே நேரத்தில் இறக்க வேண்டும், படகுக்கு ஆறு பேர் வேண்டும். அதனால் ஒரு கப்பலில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கப்பலை ஓட்டுவதற்கு மட்டும் அத்தனை பேர் தேவையில்லை. திமிங்கிலம் தென்படாத வாரங்களில், சில சமயம் மாதக்கணக்கில், அத்தனை கைகளுக்கும் வேலை இல்லை. அந்தச் சோம்பலிலும் தனிமையிலும் பிறந்ததுதான் ஸ்க்ரிம்ஷா.

சொல் எங்கிருந்து வந்தது என்பது இன்றும் தீராத புதிர். 1826இல் பை சான்ஸ் என்ற கப்பலின் நாட்குறிப்பில், எல்லோரும் ஸ்க்ரிம்ஷான்டிங்கில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. எந்த விளக்கமும் இல்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்தால், கப்பலில் இருந்தவர்களுக்கு அது அன்றாடச் சொல்லாகவே இருந்திருக்க வேண்டும்.

பல் எப்படி மாலுமியின் கைக்கு வந்தது என்பதும் சுவையான கதை. எண்ணெயும், வேறு வகைத் திமிங்கிலங்கள் இரையை வடிகட்டும் வாய்த்தகடும் கப்பல் முதலாளிக்குச் சேர வேண்டியவை. பல்லுக்கு அமெரிக்கச் சந்தையில் பெரிய விலை இல்லை. ஆனால் பசிபிக் தீவுகளில் நிலைமை வேறு. ஃபிஜித் தீவில் திமிங்கிலப் பல்லுக்குத் தபுவா என்று பெயர். திருமணத்திலும் சாவிலும், பகை தீர்ந்து சமாதானம் ஆகும்போதும் இன்றும் அங்கே மரியாதையோடு கைமாற்றும் பொருள் அது. இதை அறிந்திருந்த சில வணிகர்கள் பல்லைக் கொடுத்துச் சந்தனமரம் வாங்கி, அந்த இரகசியத்தைப் பொத்தி வைத்திருந்தார்கள். 1815இல் ஓர் அமெரிக்கக் கடற்படைக் கேப்டனின் பயணக் குறிப்பு அச்சில் வந்து இரகசியம் வெளியானது. தீவுகளில் பல் வந்து குவிந்தது, மதிப்பு சரிந்தது. அதற்குப் பிறகுதான் பல் சாதாரண மாலுமிகளுக்குத் தாராளமாகக் கிடைத்தது. ஆண்டு பொறித்துப் படம் செதுக்கிய பற்களில் மிகப் பழையது 1817ஐச் சேர்ந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கலாபகஸ் தீவுகள் அருகே ஆடம் என்ற கப்பல் பிடித்த திமிங்கிலத்தின் பல் அது. ஆகவே 1790, 1805 என்று ஆண்டு பொறித்த பல்லை யாராவது காட்டினால் உடனே எச்சரிக்கையாகிவிடுங்கள். உங்கள் பல்லில் இருக்கும் 1837 பொருந்தக்கூடிய ஆண்டுதான். ஆனால் பொருந்தும் ஆண்டைத் தேர்ந்தெடுக்கப் போலி செய்பவருக்கும் தெரியும்.

இனி பல்லுக்கு வருவோம். எண்ணெய்த் திமிங்கிலத்துக்குக் கீழ்த்தாடையில்தான் பற்கள் வரிசையாக வெளியே தெரியும். பக்கத்துக்கு 18 முதல் 26 வரை இருக்கும். பெரிய ஆண் திமிங்கிலத்தின் ஒரு பல்லே ஒரு கிலோ வரை எடை போகும். தாடையைத் தளத்தில் இழுத்துப் போட்டு, ஈறு அழுகி இளகும்வரை சில நாட்கள் விட்டுவைத்து, பிறகு கப்பியும் கயிறும் கட்டிப் பற்களைப் பிடுங்கினார்கள். அப்படிப் பிடுங்கிய பல் நாம் காட்சிப் பேழையில் பார்ப்பதுபோல வழவழப்பாக இருக்காது. வரிவரியாக மேடுபள்ளமாக இருக்கும். அதைக் கத்தியால் சீவி, சுறாத் தோலாலும் நுரைக்கல்லாலும் தேய்த்து, கடைசியில் சாம்பலும் துணியும் கொண்டு மெருகேற்ற வேண்டும். செதுக்குவதைவிட இந்த வேலைக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு மடக்குக் கத்தியாலோ பாய் தைக்கும் ஊசியாலோ கோடு இழுத்தார்கள். கோட்டில் கறுப்பு ஏற்ற, திமிங்கிலக் கொழுப்பை உருக்கும் அடுப்பின் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் போதும். கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு தங்கும். சிவப்புக்கு முத்திரை அரக்கு. வரையத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. பெண்கள் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கிழித்துப் பல்மேல் ஒட்டி, அதன் வெளிக்கோடு முழுவதும் ஊசியால் புள்ளி குத்தி, காகிதத்தை எடுத்துவிட்டுப் புள்ளிகளை இணைத்துவிடுவார்கள். நம் ஊரில் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாகரிகமான உடையில் நிற்கும் சீமாட்டியின் படம் உள்ள பற்களை உருப்பெருக்கியால் பாருங்கள், பலவற்றில் அந்தப் புள்ளிகள் இன்னும் தெரியும்.

பெயர் தெரிந்த கலைஞர்கள் மிகச் சிலர். நான்டக்கெட்டைச் சேர்ந்த எட்வர்ட் பர்டெட் 1805இல் பிறந்தவர், அமெரிக்க ஸ்க்ரிம்ஷா கலைஞர்களில் அறியப்பட்ட முதல்வர்களில் ஒருவர். ஆழமாகவும் அடர்த்தியாகவும் கீறுவார். 1833இல், ஈட்டி பாய்ந்த திமிங்கிலம் இழுத்துக்கொண்டு ஓடிய கயிற்றில் சிக்கிக் கடலுக்குள் போனார். அவர் செதுக்கிய வேட்டைக் காட்சிகளை, இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. இன்னொருவர் ஃபிரெடரிக் மைரிக். சூசன் என்ற கப்பலில் 1828, 1829 ஆண்டுகளில் செதுக்கியவர். தம் பெயரும் தேதியும் இட்ட முதல் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய பற்களில் ஒரு நாலடி வாசகம் இருக்கும்: உயிரோடு இருப்பவற்றுக்குச் சாவு, கொல்பவர்களுக்கு நீண்ட ஆயுள், மாலுமிகளின் மனைவியருக்கு நன்மை, வேட்டைக்காரருக்கு எண்ணெய் வழியும் அதிர்ஷ்டம் என்று பொருள்படும். இருபது வயது இளைஞன் எழுதியது அது. எதைக் கொன்று எதை வாங்குகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்ட வரிகள் என்பதால் என் மனத்தில் நின்றுவிட்டன. சூசன் பற்கள் என்று அறியப்பட்டவை முப்பதுக்குச் சற்று மேல்தான். தெருமுனைக் கடையில் இன்னொன்று காத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பல்லில் கப்பல் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் இந்தக் கலையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுக்கு என்று செய்த பொருட்களைப் பாருங்கள். ஓரத்தைச் சுருக்கிட்டு வெட்டும் பல்சக்கரக் கரண்டி. தீபாவளிக்குச் சோமாசி வெட்ட நம் வீடுகளில் இருக்குமே, ஏறக்குறைய அதேதான். அங்கே பழப் பணியாரத்தின் ஓரம் வெட்டுவதற்கு. அந்தச் சின்னச் சக்கரத்தைப் பல்லில் கடைந்து, பிடியைப் பாம்பாகவோ குதிரையாகவோ செதுக்கியிருப்பார்கள். நூல் கழியை விரித்துப் பிடிக்கும் ராட்டு ஒன்று உண்டு. குடைபோல விரியும், சுருங்கும். நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை அளவு பிசகாமல் அறுத்து, துளையிட்டு, சிறு ஆணிகளால் கோத்துச் செய்தது. ஆடும் கப்பலில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். துணிக் கவ்விகள், மாவு தேய்க்கும் குழவி, கைத்தடி, ஊசிப் பெட்டி என்று பட்டியல் நீளும்.

இவை எல்லாவற்றிலும் என்னை நிறுத்திப் பார்க்க வைப்பது பஸ்க் என்ற பொருள். பெண்கள் உள்ளே அணிந்த இறுக்கக் கச்சின் முன்பக்கத்தில், மார்புக்கு நடுவே செருகும் நீண்ட தட்டையான பட்டை அது. ஓரடி நீளம் இருக்கும். தாடை எலும்பிலிருந்து அதை அறுத்தெடுத்து, வீடு, மரம், இதயம், கப்பல் என்று செதுக்கி, மனைவிக்கோ காதலிக்கோ கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் அணியும் பொருளுக்கு இத்தனை வேலைப்பாடு. கண்காட்சிக்கோ விற்பனைக்கோ செய்ததில்லை என்பது அதைப் பார்த்தாலே தெரியும். செய்தவர் பெயர் பெரும்பாலும் இராது. பெறப்போகிறவளுக்குத் தெரியும், அது போதுமே.

இங்கே ஒரு சொல் மயக்கத்தையும் தீர்த்துவிடுகிறேன், விற்பனைக் குறிப்புகளில் இது நிறையக் குழப்புகிறது. ஆங்கிலத்தில் திமிங்கில எலும்பு என்ற சொல்லை இரண்டு வேறு பொருட்களுக்குப் பயன்படுத்துவார்கள். ஒன்று உண்மையான எலும்பு. மற்றொன்று பலீன், அதாவது பல் இல்லாத திமிங்கிலங்களின் மேல்வாயிலிருந்து தொங்கி, இரையை வடிகட்டும் வாய்த்தகடு. அது நம் நகமும் முடியும் போன்ற கெரட்டின், எலும்பே இல்லை. கறுத்து, வளைந்து கொடுக்கும். 17ஆம் நூற்றாண்டு டச்சு வேட்டைக்காரர்கள் அதை வளைத்துப் பெட்டிகள் செய்தார்கள்.

எலும்பைக் கண்டுபிடிப்பது எளிது. இரத்தக் குழாய்கள் ஓடிய நுண்துளைகள் குறுக்கே வெட்டிய இடத்தில் புள்ளிகளாகவும், நீளவாட்டில் சிறு கீறல்களாகவும் தெரியும். பல்லில் அப்படி இராது. பல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் வெளியே சிமெண்டம் என்ற அடுக்கு ஒரு வளையமாகவும், அதற்குள் டென்டின் என்ற உள் அடுக்கு வேறு நிறத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும். டென்டினில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வளர்ச்சிக் கோடுகள் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அவற்றை எண்ணித்தான் திமிங்கிலத்தின் வயதைக் கணிக்கிறார்கள். நடுவே கூம்பு வடிவில் ஒரு குழி உள்ளே போகும், பல்லுக்கு உயிர் ஊட்டிய சதை இருந்த இடம். யானைத் தந்தத்தில் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோட்டு வலை தெரியும். திமிங்கிலப் பல்லில் அந்த வலை கிடையாது.

போலிகளில் மிகப் பரவலானவை பிசின் வார்ப்புகள். ஓர் அசல் பல்லை அச்செடுத்து, பாலியஸ்டர் பிசினை ஊற்றி, கறுப்பும் மஞ்சளும் பூசுவார்கள். அமெரிக்க அதிபர் கென்னடி ஸ்க்ரிம்ஷா சேகரித்தவர். தம் அலுவலகத்திலேயே வைத்திருந்தார். அதன்பின் பலருக்கும் ஆசை வந்தது. அசல்கள் போதவில்லை, வார்ப்புகள் சந்தைக்கு வந்தன. நினைவுப் பொருளாக நேர்மையாக விற்கப்பட்டவைகூட இரண்டு மூன்று கை மாறியதும் அசலாகிவிடுகின்றன. இவற்றின் எண்ணிக்கை எந்த அளவுக்குப் போனதென்றால், மாசசூசெட்ஸில் இருந்த கெண்டல் அருங்காட்சியகம் பிளாஸ்டிக் ஸ்க்ரிம்ஷாக்களுக்கென்றே தனிப் பட்டியல் வெளியிட்டது. அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இப்போது நியூ பெட்ஃபோர்டில் இருக்கிறது. வார்ப்புகள் பெரும்பாலும் சத்தமாகப் பேசும். கப்பல் பெயர், கேப்டன், ஆண்டு, இடம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். வாங்குகிறவருக்கு வரலாறு வேண்டும் என்பதால். உங்கள் பல்லைப் பற்றி எனக்குள்ள சந்தேகம் இதுதான்.

நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு வாரச் சந்தையில் வாங்கிய பல்லை வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அடியில் குழி விரல்நுனி அளவுக்குக்கூட ஆழமில்லை, சிமெண்டத்துக்கும் டென்டினுக்கும் எல்லைக்கோடே இல்லை. ஆயிரக்கணக்கான பற்களைப் பார்த்த கண், அதன் கப்பலில் மயங்கி அடியைப் பார்க்க மறந்துவிட்டது. அன்றிலிருந்து முதலில் அடியைத்தான் பார்க்கிறேன்.

கடைக்குப் போகும்போது பத்து மடங்கு காட்டும் உருப்பெருக்கியும், புறஊதா விளக்கு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். இருட்டில் அந்த விளக்கை அடித்தால் அசல் பல் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். பிசின் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். கையில் எடுத்தால் அசல் பல் கனமாகவும் குளிர்ந்தும் இருக்கும். சூடான ஊசியைக் குத்தி வாசனை பார்க்கச் சொல்லும் ஆலோசனைகளைப் படித்திருப்பீர்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அசலாக இருந்தால் அதில் ஆறாத தழும்பை உண்டாக்கியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

கடினமான வகை ஒன்று உண்டு: உண்மையான பழைய பல், அதன்மேல் புதிதாகச் செதுக்கிய படம். இங்கே புறஊதா விளக்கு உதவாது. பழைய பல்லில் காலப்போக்கில் மயிரிழை வெடிப்புகள் விழும். கோடு வெடிப்பைக் கடக்கும் இடத்தைத் தேடுங்கள். மை வெடிப்புக்குள் கசிந்து பரவியிருந்தால், வெடிப்பு முதலில் வந்தது, படம் பிறகு வந்தது என்று பொருள். கோட்டின் விளிம்புகளையும் பாருங்கள். பல தலைமுறைக் கைகள் தடவிய கோட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். மின்கருவியால் இழுத்த கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆழத்தில் ஓடும். கையால் இழுத்ததில் அழுத்தம் கூடும், குறையும், வளைவில் தயங்கும்.

இன்னொன்றும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது: கப்பலின் கயிறுகள். அந்தக் கயிறுகளில் ஏறி இறங்கிய மாலுமிக்கு எது எங்கே கட்டப்படும் என்று கை அறியும். முகம் வரையத் தெரியாதவன்கூடக் கயிற்றைத் தவறாகப் போடமாட்டான். போலியில் கயிறுகள் அழகுக்காக எங்கோ தொடங்கி எங்கோ முடியும். பாய்கள் ஒரு காற்றுக்கு விரிந்திருக்க, கொடி எதிர்ப்பக்கம் பறக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகம் உங்களுக்கு அதிகத் தொலைவில்லை. 1841இல் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற வேட்டைக் கப்பல் அங்கே நிற்கிறது. தளத்தில் நின்று மேலே பாருங்கள், பிறகு எந்தப் பல்லைப் பார்த்தாலும் கண் தானாகவே கயிற்றைத் தேடும்.

விலையும் எனக்கு இடிக்கிறது. வரலாறு இத்தனை தெளிவாக உள்ள அசல் என்றால் 600 டாலர் மிகக் குறைவு. பிசின் என்றால் மிக அதிகம்.

சட்டத்தைப் பற்றி. 1859இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு வெற்றி பெற்றபின் மண்ணெண்ணெய் பரவியது, பழைய பாய்மர வேட்டை படிப்படியாக ஒடுங்கியது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நீராவிக் கப்பல்களும் வெடி ஈட்டிகளும் அதைவிட மிக அதிகமாகக் கொன்றன. வணிக வேட்டைக்கான உலகத் தடை 1986இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 1972, 1973 ஆண்டுச் சட்டங்கள் திமிங்கிலப் பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன; நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று நிரூபிக்கக்கூடிய பழம்பொருளுக்குச் சில விலக்குகள் உண்டு; மாநிலங்களுக்குத் தனி விதிகளும் உண்டு. பிரிட்டன் தன் தந்தச் சட்டத்தை 2025 ஜனவரியில் எண்ணெய்த் திமிங்கிலத்துக்கும் நீட்டித்துவிட்டது. அழிவாபத்து உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தில் இந்தத் திமிங்கிலம் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதி ஆவணங்கள் வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலங்களையும் காக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஆம்பர்கிரிஸ் வைத்திருந்தவர்கள் கைதான செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதுவும் இதே எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாவதுதான். பெட்டியில் பல்லை வைத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் உங்கள் அப்பாவுக்குப் பரிசு என்று விளக்கும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். அது பிசின் என்று நிரூபிக்கும் வரை பொருளும் நீங்களும் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு இந்தக் கலை பிடிக்கும் என்றால், அவர் அங்கே வரும்போது நியூ பெட்ஃபோர்டுக்கு அழைத்துப் போங்கள். பஸ்க் வைத்திருக்கும் பேழைமுன் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கே வாங்கி அமெரிக்காவில் வைத்துக்கொள்ள இன்னும் ஆசை இருந்தால், கடைக்காரரிடம் எழுத்தில் இரண்டு கேளுங்கள்: இது எண்ணெய்த் திமிங்கிலத்தின் பல்தான், நூறு ஆண்டுக்கு மேல் பழையது, இவற்றில் ஒன்று தவறென்றாலும் பணத்தைத் திருப்பித் தருவேன் என்ற உறுதி ஒன்று; அவர் யாரிடம் வாங்கினார் என்ற விவரம் இன்னொன்று. தயங்கினால் வாங்காதீர்கள். கொடுத்தால், பல்லின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் நேராகப் பிடித்து, குழியின் ஆழம் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கப்பலின் படம் வேண்டாம்.